மஞ்சுளாக்கா ஆட்டத்தில் இருந்த குறைகள்

மாதனூரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ் அன்று சரியான நேரத்துக்கே வந்தது. இறங்கியவர்கள்தான் உள்ளே போகாமல் கேட்டருகே கூட்டமாக நின்றார்கள். என் அறைக்கு வந்து சொன்னவர் டிரைவர் முருகேசன் அண்ணன். "மஞ்சுளாக்கா போய்ட்டாங்க மேடம். விடியக்காலைலதான். ஊர்ல வண்டி நிறுத்துனப்போ அவங்க வூட்டுக்காரரே வந்து சொன்னாரு." மூன்று மாதமாக அவர் வேலைக்கு வரவில்லை. இனி வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் போனை எடுத்து, செஸ் ஆப்பைத் திறந்து, அவர் கணக்குக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருந்தால் தெரிகிற பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்தேன். எரியவில்லை. அழுகை அப்போதுதான் வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் மேட்சிங் டேபிள் மஞ்சுளா. வெட்டி வருகிற தோல் துண்டுகளில் இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே நிறம், ஒரே வரி இருக்கிறதா என்று பார்த்து ஜோடி சேர்க்கிற வேலை. நம் கம்பெனியில் பதினெட்டு வருடம் அதைத்தான் செய்தார். ஆனால் எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத நிறையப் பேருக்கு அவர் வெறும் நான்கு இலக்க எண். ஆப்பில் பெயர் கேட்டதும் தன் கம்பெனி டோக்கன் நம்பரை அடித்து விட்டிருந்தார். அந்த எண்ணிடம் தோற்றவர்களுக்கு, தங்களை மடக்கியது ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் ஐம்பது வயது அம்மாள் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஊரடங்கில் கம்பெனி மூடிக்கிடந்தபோது போனிலேயே தட்டித் தட்டித் தானாகக் கற்றுக்கொண்ட ஆட்டம் அது.

அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது ஒரு சண்டையில். ஹெச்.ஆரில் இருக்கிற நான் வருடா வருடம் எல்லோருக்கும் அப்ரைசல் பாரம் நிரப்புவேன். 'பலங்கள்' என்று ஒரு கட்டம், 'மேம்படுத்திக்கொள்ள வேண்டியவை' என்று ஒரு கட்டம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் மேட்சிங் டேபிளில் இருந்த அத்தனை பேருக்கும் இரண்டாவது கட்டத்தில் 'தகவல் தொடர்பில் முன்னேற வேண்டும்' என்று ஒரே வாக்கியத்தைப் போட்டிருந்தேன். மஞ்சுளாக்கா அந்தத் தாளோடு என் அறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "இன்னா தகவல் மேடம், யாரோட தொடர்பு? நான் தோலைப் பாக்கறேன். தோலு பேசாது" என்றார். 

பேச்சை மாற்ற, என் மேசையில் கிடந்த செஸ் புத்தகத்தை நகர்த்தி வைத்தேன். கல்லூரியில் ஆடியவள் நான். அவர் அதைப் பார்த்துவிட்டார். தன் ஆட்டங்களை நான் பார்த்து இதே மாதிரி இரண்டு கட்டம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். "ஆனா பாத்துட்டு எழுதணும்" என்று அழுத்திச் சொன்னார். அன்றிலிருந்து நான்கு வருடம், மாதக் கடைசியில் அவருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். வெற்றி தோல்வியை வைத்து ஆப் போடுகிற ரேட்டிங்கில் அவர் என்னைவிட நானூறு புள்ளி மேலே. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவள் குறை சொல்வதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு ஷூவும் தைத்தறியாத நான் உங்கள் எல்லோருக்கும் மார்க் போடவில்லையா, அப்படித்தான்.

பலங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்கிற வகையைத்தான் அவர் ஆடுவார். காரணம் சதுரங்கம் இல்லை, பஸ். அவர் ஏறுகிற இடத்திலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் சரியாக ஒரு ஆட்டம் பிடிக்கும். உள்ளே போனால் போன் லாக்கருக்குப் போய்விடும். ஆகவே ரயில்வே கேட் மூடியிருந்தால் பஸ்ஸே புலம்பும், அவர் ஒருவர் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். கேட் திறந்திருந்து பஸ் சீக்கிரம் போய்ச் சேர்ந்த நாட்களில் ஜெயிக்கிற ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். அப்படித் தோற்றதற்கு நான் குறை எழுதியபோது, அதை ரயில்வேக்கு அனுப்பச் சொன்னார்.

அவர் யாரையும் துரத்தி அடிக்கமாட்டார். தன் காய்களை ஒழுங்காக நிறுத்திவிட்டு, எதிராளியின் வரிசையில் எது ஒட்டாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பதினெட்டு வருடம் ஜோடி சேர்த்த கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும். நான் கம்ப்யூட்டரில் போட்டு ஐந்து நிமிடம் தேடிக் கண்டுபிடிக்கிற பலவீனத்தை அவர் பஸ் குலுக்கலில் கண்டுபிடித்திருப்பார். யாராவது இனாமாக ஒரு சிப்பாயை நீட்டினால் தொடமாட்டார். அது ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா குடுக்கறான்னா எங்கயோ ஓட்டை இருக்கு மேடம். திருப்பிப் போட்டுப் பாக்கணும்" என்றார். தோல் மேசையிலும் அவர் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

குறைக்கு வருகிறேன். அதை நான் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆனது. நல்ல நிலையில் இருக்கும் ஆட்டம் திடீரென்று சரியும். காரணமே புரியாது. ஒருநாள் அவர் தோற்ற ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. அவருடைய ஒரு குதிரை வெட்டுப்பட்டால், நான்கைந்து நகர்த்தலுக்குள் இன்னொரு குதிரையையும் அவரே எதற்காவது கொடுத்துத் தொலைத்துவிடுவார். மந்திரிகளும் அப்படியே, யானைகளும் அப்படியே. இரண்டும் இருந்தால் அவரைப்போல் ஆட ஆளில்லை. ஒன்று போய்விட்டால் மற்றது அவருக்கு வேண்டாதது.

சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஏதோ கணக்குக் காட்டிப் பேஜார் பண்ணுவதாக நினைத்தார். அன்று மதியம் அவர் டேபிளுக்குப் போய் நின்றேன். இடது துண்டு ஒன்றில் சின்ன வடு. அதை ஒதுக்கினார். கை தானாக நகர்ந்து, எந்தப் பழுதும் இல்லாத அதன் வலது துண்டையும் எடுத்து, கழித்தவை கிடக்கிற ஓரத்து டிரேயில் போட்டது. போட்ட கை அப்படியே நின்றது. டிரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் லைன் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "அட, என் குதிரையை நானே டிரேல போட்டுட்டு இருந்திருக்கேன்" என்றார். தெரிந்துகொள்வது ஒன்று, பழக்கத்தை விடுவது வேறு. ரேட்டிங் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேலே போவதும், இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை மந்திரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இறங்குவதுமாக இரண்டு வருடம் ஓடியது. இரண்டாயிரத்தை ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் வெளியே சொன்ன ஒரே ஆசை.

இன்னொரு குறையையும் இங்கே பதிவு செய்கிறேன், நம்மில் பலர் நேரில் பார்த்தது. ஏலகிரிக்கு டூர் போனபோது விடுதியில் மரக்காய்களோடு ஒரு செஸ் பலகை இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் நிஜப் பலகையில் ஆடினார், என்னோடு. போனில் மேலிருந்து பார்த்தே பழகியவருக்குப் பக்கவாட்டில் பார்க்கத் தெரியவில்லை. முன்னால் நிற்கிற காய் பின்னால் இருப்பதை மறைக்கிறது என்று குறைப்பட்டார். நாற்காலியை விட்டு எழுந்து நின்று, குனிந்து, மேலிருந்து பார்த்து ஆடினார். அப்படியும் தோற்றார். அவரை நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான். திரும்பி வரும்போது பஸ் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி நான் கொண்டாடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவரும் கூடவே கைதட்டினார்.

இந்த வருடம் உடம்புக்கு முடியாமல் வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு மதியம் அங்கிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. எதிராளியின் ராஜா மூலையில். அதை நெருக்கிக்கொண்டு அவருடைய யானை, யானைக்குக் காவலாக ஒரே ஒரு குதிரை. மற்றக் குதிரை பதினைந்தாவது நகர்த்தலிலேயே போயிருந்தது. மீதிக் குதிரையை முப்பது நகர்த்தல் காப்பாற்றி வைத்திருந்து, அதைக் கொண்டே முடித்திருக்கிறார். படத்தின் கீழே ரேட்டிங் இரண்டாயிரத்து மூன்று. நான் கேண்டீனில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். மறுநாளே ஒரு ஆட்டம் தோற்றுக் கீழே இறங்கிவிட்டார். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, தொட்டாயிற்று என்று எழுதினார்.

அந்த மாதக் கடைசியில் நான் செய்த தப்பை இங்கே சொல்லியாகவேண்டும். டாக்டர்கள் சொன்னதை அவர் கணவர் என்னிடம் சொல்லியிருந்தார். இனி வைத்தியத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள்தான். குறிப்பு எழுத உட்கார்ந்தேன். பலங்கள் கட்டத்தை நிரப்பினேன். இரண்டாவது கட்டத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை. போகிற மனுஷிக்கு என்ன குறை சொல்வது என்று காலியாக விட்டு அனுப்பிவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி வேறு எனக்கு.

அடுத்த ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். மிகவும் இளைத்திருந்தார். நான் கொண்டுபோன பழத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போனை நீட்டினார். நான்கு வருடமும் என்னை 'நீங்க' என்று பேசியவர், அன்றுதான் மாறினார்.

"இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

எழுத ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் ஆடுகிறீர்கள் என்று மழுப்பினேன்.

"போன வாரம் மட்டும் ஏழு ஆட்டம் தோத்திருக்கேன். அதுல ஒரு குறையும் உன் கண்ணுக்குத் தெரியலையா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் இன்னும் ஆடிட்டுத்தான் இருக்கேன் பர்வீன். நீ ஏன் அதுக்குள்ள கணக்கை முடிக்கிற? என்னைப் பாவம் பாக்காத. பாத்து எழுது."

அங்கேயே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த ஏழு ஆட்டத்தையும் அவரோடு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். குறை இருந்தது. காய்களெல்லாம் குறைந்து ஆட்டம் முடிவுக்கு வருகிற நேரத்திலும் அவர் தன் ராஜாவை மூலையிலேயே ஒளித்து வைத்திருந்தார். அப்போது ராஜாவும் இறங்கி வேலை செய்தாக வேண்டும். அதை எழுதினேன். அவர் இரண்டுமுறை படித்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டி, ஒதுக்கி வைத்த பழத்தை எடுத்து உரிக்கச் சொன்னார். நான் போய்ப் பார்த்த நாட்களிலேயே எனக்கு மனம் நிறைந்த நாள் அது.

பிறகு ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே படுத்துக்கொண்டு நாளுக்கு ஒரு ஆட்டம் ஆடினார். எல்லாவற்றிலும் ராஜா நடந்தது. முதலில் ஒரு கட்டம், இரண்டு கட்டம், அப்புறம் துணிச்சலாக. கடைசி ஆட்டம் இறப்பதற்கு நான்கு நாள் முன்னால் ஆடியது. அதில் இரண்டு ராணிகளும் பலகையில் இருக்கும்போதே ராஜாவை நடுவுக்கு நடத்திக்கொண்டு போய், நடுப்பலகையிலேயே மாட்டிக்கொண்டு தோற்றார். கொஞ்ச நேரத்தில் எனக்குச் செய்தி வந்தது. 'அவசரப்பட்டு வெளிய வந்துட்டேன். எழுதி அனுப்பு.' மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்ததால் அப்போது அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாயிரத்தைத் தொட்ட படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம், பார்த்திருப்பீர்கள். அது உங்கள் எல்லோருக்கும். நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்தக் கடைசித் தோல்வியை. எழுந்து உட்கார முடியாதவர் புதிதாக ஒன்றைப் பழகிப் பார்த்து, பழகும்போது வருகிற தப்பைச் செய்த ஆட்டம் அது. நேற்று அதற்கான குறிப்பை எழுதி முடித்தேன். மேம்படுத்திக்கொள்ள வேண்டியவை: ராஜாவை வெளியே கொண்டுவருவதில் நல்ல முன்னேற்றம். ஆனால் எதிராளியின் ராணி போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். பாவம் பார்த்து ஒரு வார்த்தைகூட அதில் சேர்க்கவில்லை, அக்கா.