அக்காவின்ரை காப்பும் நகல் மனுசரும்

இப்ப அதுகளைக் குளோன் எண்டு சொல்லுகினம். எழுபதுகளின்ரை கடைசியிலை, கரம்பொன் கிராமத்திலை இருந்துகொண்டு, நான் "நகல் மனுசர்" எண்டுதான் மொழிபெயர்த்தனான். கம்பசிலை படிச்ச சிநேகிதி தந்த இங்கிலீஸ் நாவல். பணக்காரருக்கு ஈரலோ இருதயமோ பழுதானால் எடுத்துப் பூட்டுறதுக்கெண்டு, அவையின்ரை அச்சிலேயே மனுசரைச் செய்து ஒரு வளவுக்குள்ளை அடைச்சு வளர்க்கினம். நல்ல சாப்பாடு, நல்ல உடுப்பு. அவையிட்டை ஒருத்தரும் விருப்பம் கேக்கிறேல்லை, அவ்வளவுதான் குறை.

வீட்டிலை இங்கிலீஸ் வாசிக்கிறது நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனத்தோடை பின்னேரங்களிலை எல்லாருக்கும் கதையைத் தமிழிலை சொன்னனான். கதிரையிலை ஐயா. தெற்கிலை கடை வைச்சிருந்தவர், மூத்தக்காவின்ரை முதலாம் வருசத் திவசத்துக்கு வந்து நிண்டார். அக்கா பிள்ளைப்பேறோடை செத்துப்போனா. அந்தக் குழந்தை அம்மாவின்ரை மடியிலை. தங்கச்சி ஒரு மூலையிலை இருந்து முருங்கை இலை உருவுவாள்.

ஐயாவுக்கு வந்த கோவத்தைப் பாக்கவேணும்! "ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தரை வளர்க்கிறதோ? சீ, மிருகங்கள்! வெள்ளைக்காரன்தான் உப்பிடி யோசிப்பான்." அம்மா மூக்கைச் சிந்தினா. கடைசியிலை ஒரு நகல் பெட்டை மதில் பாய்ஞ்சு தப்பினவுடனை எல்லாரும் கைதட்டாத குறை. எங்கடை குடும்பத்துக்கு எவ்வளவு இளகின மனம் எண்டு எனக்கே பெருமையாக் கிடந்தது.

திவசம் முடிஞ்சு மூண்டாம் நாள் அம்மா அலுமாரியைத் திறந்து அக்காவின்ரை காப்பை எடுத்து என்ரை கையிலை போட்டுப் பாத்தா. "அளவெடுத்த மாதிரி இருக்குது, பிள்ளை." குழந்தைக்குத் தாய் வேணுமாம், அத்தானுக்கு மனிசி வேணுமாம், வெளியிலை தேடி அலைவானேன்? என்ரை சாதகத்தைக்கூட ஒருத்தரும் எடுக்கேல்லை. "அக்காவுக்குப் பாத்ததுதானே, நல்ல பொருத்தம்" எண்டார் ஐயா. நல்ல பொருத்தமெண்டால் அக்கா ஏன் செத்தவ எண்டு கேக்க வாய் உன்னினது. விழுங்கிப்போட்டன்.

"ஐயா, அண்டைக்கு அந்த நகல் மனுசருக்காக அப்பிடிக் கோவிச்சியளே?"

"அது கதை. இது குடும்பம்."

ஊருக்கடி உபதேசம்! எனக்கு விசர் பிடிச்சது. ஏலாது எண்டன். மூண்டு நாள் சோறு தொடேல்லை. நாலாம் நாள் ஐயா, "சரி, உன்னை ஒருத்தரும் வில்லங்கப்படுத்தேல்லை, சாப்பிடு" எண்டார். வெண்டிட்டன்! நாவல் தந்த துணிவெண்டு சிநேகிதிக்கு நாலு பக்கத்திலை கடிதமும் போட்டன். ஐயா ஏன் அவ்வளவு கெதியா இளகினவர் எண்டு மட்டும் யோசிக்கேல்லை. பெரிய படிப்பாளியெல்லோ.

ஆவணியிலை நயினாதீவுக் கோயிலிலை தாலி கட்டு. தங்கச்சிக்கு அப்ப பத்தொன்பது வயது. அவள் ஏலாது எண்டு சொல்லேல்லை. அவளை ஒருத்தரும் கேக்கவும் இல்லை, நான் உட்பட. அவளின்ரை மெல்லிசுக் கையிலை அக்காவின்ரை காப்பு நிக்கேல்லை. நான்தான் பக்கத்திலை இருந்து காப்புக்கு நூல் சுத்தினனான்.

"சின்னக்கா, உங்கடை கதையிலை ஒருத்தி மதில் பாய்ஞ்சாளெல்லோ. உள்ளுக்கை நிண்டதுகளுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"அது புத்தகத்திலை இல்லையடி" எண்டன்.

"ஓ" எண்டாள். "இன்னும் ரண்டு சுத்துச் சுத்துங்கோ, கழலுது."