ஒம்பதும் தொம்பத்தும்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு மாத டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஆம்பூரிலிருந்து வந்த புதுசு, கன்னடம் அரைகுறை. ஒரு மனித ஜீனைப் பாக்டீரியாவுக்குள் நுழைப்பதுதான் வேலை.

இன்சுலின் ரிசப்டரின் ஜீன் அது. ரிசப்டர் என்பது செல்லின் மேல்தோலில் இருக்கும் காலிங் பெல். இன்சுலின் வந்து அழுத்தினால் உள்ளே சேதி போகும். அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் அந்த ஜீன்மேல் எனக்குத் தனிப் பிரியம். அதற்குத்தான் என்மேல் துளிகூட இல்லை.

பாக்டீரியாவையும் ஜீனையும் ஐஸில் சேர்த்து வைத்து, சட்டென்று சூடான தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் ஜீன் உள்ளே போகும். அதைத் தட்டில் ஊற்றி வைத்தால், ஜீன் ஏறிய பாக்டீரியா மறுநாள் வெள்ளைப் புள்ளிகளாக முளைக்கணும். ஐந்து வாரமாக என் தட்டு வழுக்கை.

"ஜீன் பெருசு, அதான் அடம் பிடிக்குது" என்றார் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவியான மேடம். அப்புறம், "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். முளைக்கலன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார். எனக்கு எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிக்கொடுத்த கன்னடக்கார சீனியர், "உனக்குக் கைராசி இல்லம்மா" என்றார். வந்த கோபத்துக்கு அந்தத் தட்டை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை. தொம்மலூரில் நான் குடியிருந்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் மைதானத்துக் கிரிக்கெட்டில் காலையிலிருந்து ஒருத்தனே அடித்துக்கொண்டிருந்தான். ஸ்கோர் சொல்கிறவன் "தொம்பத்து!" என்று கத்தினான். ஒரே விசில்.

"இத்தனை நேரம் ஆடி ஒம்பதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று வீட்டுக்கார அக்காவிடம் கேட்டேன்.

"ஐயோ, ஒம்பது இல்லடி! தொம்பத்துன்னா கன்னடத்துல தொண்ணூறு!"

கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டேன். தண்ணீரில் எத்தனை செகண்ட் என்று கேட்டதற்குச் சீனியர் தன் பாஷையில் சொன்னதும் அதே தொம்பத்துதான். நானோ ஐந்து வாரமும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை வாய்விட்டு எண்ணி, ஒழுங்காக வெளியே எடுத்திருக்கிறேன். பாவி!

திங்கட்கிழமை தொண்ணூறு எண்ணினேன். செவ்வாய் காலை தட்டைத் திறந்தால், அம்மாடி, நிறைய வெள்ளைப் புள்ளிகள்! நான் போட்ட கத்தலில் பக்கத்து அறைக்காரர்களெல்லாம் ஓடி வந்தார்கள். நாலைந்தை எடுத்து, ஜீனின் நீளத்தைக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். முழு நீளத்துக்கு ஜீன் உள்ளே உட்கார்ந்திருந்தது. எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

"என்ன மாத்தின?" என்றார் மேடம். பக்கத்தில் சீனியர்.

"தப்பு என்னுதுதான் மேடம். இவர் தொம்பத்துன்னார், என் காதுல ஒம்பதுன்னு விழுந்துது."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "அடுத்த ஆறு மாசமும் நீயே பாரு" என்றார்.

நான் வலது கையைச் சீனியரிடம் நீட்டினேன். "சார், இப்ப ராசி பாத்துச் சொல்லுங்க."