வேதக்காரப் பாட்டு

அந்த ஆல்பத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே போனில் தேடுவீர்கள், முதல் பாட்டை அரை நிமிடம் ஓடவிடுவீர்கள், "கௌபாய் படத்துல வர்ற மாதிரி இருக்கே" என்று என்னிடமே வந்து சொல்வீர்கள். அப்படிச் சொன்னவர்களோடு சண்டை போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. கம்பெனி கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஒருத்தியிடம் ஒரு தடவை ஆசையாக இயர்போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுக்கு ஆடவும் முடியல, அழவும் முடியல, எதுக்குடி இது?" என்றாள். மறுநாளிலிருந்து வேறு மேஜைக்கு மாறிவிட்டேன்.

என் அப்பா அரை டிரவுசரோடு ஆடு மேய்த்த காலத்தில் அமெரிக்காவில் வந்த ஆல்பம் அது. அந்த ஊர்க் கிராமத்துப் பாட்டு ஒரு பங்கு, ராக் ஒரு பங்கு, மூன்றாவதாகப் புளூகிராஸ். மலைப்பக்கத்து ஆட்கள் பேஞ்சோ, பிடில், மேண்டலின் எல்லாம் வைத்துக்கொண்டு பேய் வேகத்தில் வாசிக்கிற வகைக்கு அப்படிப் பெயர். மூன்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். கிராமத்துப் பாட்டுக்காரர்கள் டிரம்ஸ் எதற்கு என்று முகம் சுளித்தார்களாம். ராக் கேட்கிறவர்கள் பிடிலைப் பார்த்துச் சிரித்தார்களாம். ஆல்பம் விற்கவில்லை, குழுவும் கலைந்துவிட்டது. கலந்ததால்தான் கெட்டது என்று இணையத்தில் ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார். அவரை நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்கலாம் என்று இருக்கிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் கர்நாடக எல்லையோரம் தளிப் பக்கத்துக்காரி. வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெற்கத்தி சூப்பர்வைசர் ஒருவர் நான் வாயைத் திறந்தாலே, "இது என்னம்மா, தமிழா?" என்று கேட்டுச் சிரிப்பார். எல்லை தாண்டி ஆனேக்கல்லில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனால், அங்கே என் கன்னடத்துக்குச் சிரிப்பார்கள். கலந்தால் கெட்டுப்போகும் என்று நம்புகிறவர்களை எனக்கு அப்போதிருந்தே ஆகாது.

ஆல்பம் என் கைக்கு வந்த விதத்தில் பெரிய காவியம் எதுவும் இல்லை. நான் கியர்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கே புது மெஷின் ஒன்றை நிறுவ வெளிநாட்டிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். வயதான ஆள், சிடுமூஞ்சி. கூடவே நின்று வேலை செய்த என் பெயரைக் கடைசிவரை கேட்கவில்லை, விரலைச் சொடுக்கித்தான் கூப்பிடுவார். அவருடைய லேப்டாப்பில் வேலை நேரமெல்லாம் அந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் ஊருக்குக் கிளம்பியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆல்பத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் பாட்டு பேஞ்சோவில் ஆரம்பிக்கும். ஸ்டீல் டிரேயில் நட்டுகளைக் கொட்டுகிற சத்தம், ஆனால் ஒவ்வொன்றும் தாளத்தில் விழும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எலக்ட்ரிக் கிட்டார் நடுவில் புகுந்து இடம் பிடிக்கும். வேறு ஆட்கள் என்றால் அந்த இடத்தில் பேஞ்சோவை அடக்கிவிட்டு கிட்டாரைத் தூக்கிவிட்டிருப்பார்கள். இவர்கள் இரண்டையும் கடைசிவரை சண்டைபோட விட்டிருக்கிறார்கள். யாரும் ஜெயிப்பதில்லை. இரண்டாவது பாட்டில் ஸ்டீல் கிட்டார் வரும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும், நம் வீணையில் இழுப்பார்களே அதுபோல. வீட்டை விட்டுப் போன பெண்டாட்டியைப் பற்றிய பாட்டு. பாடுகிறவன் அவளைத் திட்டுவதுமில்லை, கெஞ்சுவதுமில்லை. சமையலறையில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று பாடுகிறான். அதைக் கேட்டு ஆம்பளைகள் மேல் எனக்கு முதல்முறையாகக் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

நான்காவது பாட்டுதான் உயிர். டிரம்ஸ் கிடையாது. ஒரே மைக்கைச் சுற்றி நாலு பேர் நின்று பாடியிருக்கிறார்கள், ஒரு குரல் மேலே, ஒன்று கீழே, நடுவில் இரண்டு. திருட்டுச் சாராயம் காய்ச்சியே வாழ்ந்த ஒருவன் சாகக் கிடக்கிறான், கடவுளைக் கூப்பிடுகிறான், கூடவே ஊறல் பானை இருக்கும் இடத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறான். அவன் கிறிஸ்தவன், கர்த்தரைத்தான் கூப்பிடுவான், மாரியம்மனையா கூப்பிடுவான்? கடைசி வரிக்குப் பிறகு பிடில் மட்டும் தனியாக வந்து முடித்துவைக்கும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பேன்.

அந்த ஆல்பத்தை என்னோடு சேர்ந்து கேட்டவன் ஒரே ஒருவன். எங்கள் கம்பெனியிலேயே மெயின்டனன்ஸில் இருந்தான். நாகரசம்பட்டிக்காரன், மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம், ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது இயர்போனில் ஒன்றை அவன் காதுக்குக் கொடுத்தேன். எல்லோரையும்போல ஏதாவது உளறுவான் என்று காத்திருந்தேன். அவனோ இறங்கும்போது, "அந்த நாலாவது பாட்டு இன்னொரு வாட்டி போடு" என்றான். அதற்குப் பிறகு எங்கள் பிரயாணமெல்லாம் அப்படித்தான். பிடில் வரப்போகிறது என்றால் எனக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிந்துவிடும், முன் சீட்டின் கம்பியில் விரலைத் தூக்கி வைத்துக் காத்திருப்பான். என்னைவிட அவன்தான் அதை நன்றாகக் கேட்டான், அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பொறாமையாக இருந்தது. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்ததும் அந்த பஸ்ஸில்தான்.

இரண்டு வீட்டிலும் பேசினோம். ஜாதி ஒன்றுதான் என்பதால் அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. அவனுக்கு அப்பா இல்லை, அம்மாதான் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர், கறாரான பெண்மணி. எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் பேசியதைக் கேட்டு, "பாதி கன்னடமாவுல்ல இருக்குது" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆனாலும் பூ வைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் சரித்திரத்தில் அது அபூர்வம்.

ஆயுத பூஜையன்று எங்கள் கம்பெனிக்குள் வீட்டு ஆட்களை விடுவார்கள். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் உண்டு, ஒவ்வொரு பிரிவிலும் பொரிகடலை கொடுப்பார்கள். மருமகளாக வரப்போகிறவள் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க அவன் அம்மாவும் வந்திருந்தார். சவுண்ட் பாக்ஸ் மெயின்டனன்ஸ் ஆட்களின் பொறுப்பு. என் போனில் பக்திப் பாட்டு நிறைய இருந்ததால் அவன் அதைத்தான் வாங்கி இணைத்திருந்தான். நான் பொரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மன் பாட்டு முடிந்தது. அவன் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தான், போனில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். நான்காவது பாட்டு ஷெட் முழுக்கக் கேட்டது. எனக்காக, அத்தனை பேர் நடுவில், அவன் போட்ட பாட்டு அது. என் ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் நின்றதில்லை.

எங்கள் பக்கத்தில் கிட்டாரோடு நாலைந்து குரல் சேர்ந்து மெதுவாக இங்கிலீஷில் பாடினால் அது ஒன்றே ஒன்றுதான், ஜெபக் கூட்டம். "லார்ட்" என்கிற சொல்லும் சரியாக வந்து விழுந்தது. அவன் அம்மா கையிலிருந்த பொரியைத் திரும்பத் தட்டில் போட்டார்.

"ஏம்மா, நீங்க வேதத்துல சேந்துட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். எங்கள் பக்கத்தில் வேதம் என்றால் கிறிஸ்தவ மதம்.

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் அவருக்கு ஊர்ஜிதம். அதற்குள் அவன் ஓடிவந்து, "அவளோட போன்மா, தானா ஓடிருச்சு" என்றான். பதட்டத்தில் சொல்கிறான் என்று அப்போது விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்துக்குள் நாகரசம்பட்டிக்காரர்கள் வாயில் எங்கள் குடும்பமே ஞானஸ்நானம் வாங்கிவிட்டது. தளியில் எங்கள் வீட்டுக் கதவில் சிலுவை இருக்கிறதா என்று பார்க்க ஆள்கூட வந்துபோனதாக அப்பா சொன்னார். வேதத்தில் இருப்பது ஒன்றும் கேவலம் இல்லை, நாங்கள் இல்லை, அவ்வளவுதான் என்று அவன் அம்மாவிடம் போனில் சொன்னேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் அவர் ஒரு வழி சொல்லி அனுப்பினார். தோப்போரம் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோயிலுக்கு நான் வர வேண்டும், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், அப்புறம் மறுபேச்சு இல்லை.

அவன் எனக்குப் போன் செய்து, "வந்து சொல்லிடு. ரெண்டு நிமிஷம்" என்றான். போனேன். அப்பாவும் கூட வந்தார்.

அவன் அம்மா கல்லின் மேல் கற்பூரத்தை ஏற்றினார். "நானும் எங்க வூட்டு ஆளுங்களும் வேதத்துல சேரலைன்னு சொல்லி அணை" என்றார். சொன்னேன், உள்ளங்கையை வைத்து அணைத்தேன். உண்மைதானே, எனக்கென்ன பயம்?

அவர் இன்னொரு கட்டியை ஏற்றினார். "அந்தப் பாட்டை இனிமே காதாலயும் கேக்க மாட்டேன்னு சொல்லி அணை."

"அது எதுக்குங்க அத்தை?"

"எதுக்கா? கல்யாணத்தன்னிக்கு எங்க சொந்தத்துல ஒருத்தருகூட எங்க வூட்டுல கை நனைக்க மாட்டாங்க. நான் ஒண்டியா இருந்து இந்தக் குடும்பத்தை நிமுத்தினவ. உனுக்கு இன்னா தெரியும் கண்ணு?"

அவர் சொன்னது நியாயம் இல்லை, ஆனால் பயம் நிஜம். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான், கத்தாமல், மெதுவாகச் சொன்னேன்.

"அத்தை, அன்னிக்கு அந்தப் பாட்டைப் போட்டது நான் இல்லீங்க."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்து, "நான்தாம்மா போட்டேன், அது எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்ச பாட்டு" என்று சொன்னால் போதும். திட்டு விழும், அழுகை நடக்கும், பிறகு அடங்கும். எத்தனை வீட்டில் இதைவிடப் பெரிதெல்லாம் அடங்கியிருக்கிறது.

"நீயாடா போட்ட?" என்றார் அவன் அம்மா.

"இல்லம்மா. தானா ஓடுச்சுன்னு அன்னிக்கே சொன்னேன்ல. அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்ல."

"அப்ப நீ அணை."

அவன் குனிந்து, எனக்காக ஏற்றியிருந்த கற்பூரத்தில் கையை வைத்தான். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, இனி உன் முறை என்பதுபோல ஒதுங்கி நின்றான். அவன் அம்மா மூன்றாவது கட்டியை எடுத்து வைத்தார்.

"வேண்டாங்க அத்தை" என்றேன். "நான் வேதத்துலயும் சேரல, உங்க வூட்டுலயும் சேரல."

எங்கள் வீட்டில் கோபம் எப்போதும் கன்னடத்தில்தான் வரும். அப்பா என் தோளைத் தொட்டு, "நடி, ஹோகோணா" என்றார், வா போகலாம் என்று. நடந்தோம். அவன் அம்மா பின்னாலிருந்து என்னென்னவோ சொன்னார். அவன் அவர் பக்கத்திலேயே நின்றுவிட்டான். கிருஷ்ணகிரி வரை பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அவனை எனக்கு அப்போதும் பிடித்திருந்தது, அதுதான் கேவலம்.

நல்ல வேளையாக அவனை வேறு ஷிப்டுக்கு மாற்றினார்கள். ஒருநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேட்டுக்கு அருகே வழிமறித்து நின்றான். இளைத்திருந்தான்.

"உனக்காகத்தான் அணைச்சேன்" என்றான். "அம்மா சமாதானம் ஆயிட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு நெனைச்சேன். நீ அவசரப்பட்டுட்ட."

நான் கேட்க நினைத்தது நிறைய இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "இப்பவும் அதைக் கேக்குறியா?"

பதில் சொல்வதற்கு முன்னால் அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "தெனமும் கேக்குறேன்" என்று மெதுவாகச் சொன்னான்.

பொய் இல்லை, அவன் முகத்தில் தெரிந்தது. என்னைக் கட்டியிருந்தாலும் இப்படித்தான், யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் நின்றிருப்பான்.