எதிரணி பெஞ்சிலிருந்து ஓடிவந்தவர்

செங்கல்பட்டில் கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால் இறுதிப் போட்டி. எங்கள் அணியில் மாற்று ஆளே இல்லை. ஆறு பேர்தான் போயிருந்தோம். எதிரணி மாமல்லபுரம் பக்கத்துக் கல்லூரி. அவர்களுடைய பயிற்சியாளர் ஒரு பெண். கோப்பை வாங்கினால்தான் அவருடைய ஒப்பந்த வேலை நீடிக்கும் என்று மைதானம் முழுக்கப் பேச்சு.

கடைசி செட்டில் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள, சுருண்டு விழுந்தேன். மூன்று நிமிடத்தில் எழாவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு என்றார் நடுவர். அப்போது அந்த மேடம் ஓடிவந்து தரையில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கூச்சப்படாத தம்பி, முட்டிய மடக்காத" என்று பாதத்தை அழுத்தினார்.

"மேடம், இன்னா பண்றீங்க? வுடுங்க, கப்பு நம்மளுது!" என்று அவர் அணியின் கேப்டன் கத்தினான்.

"கம்முனு கெட. ஆளு வுழுந்ததுக்கு கப்பு குடுத்தா வாங்கிக்குவியா நீ?"

எழுந்து ஆடினேன். நாங்கள் ஜெயித்தோம். அவர் கைகொடுத்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவன் நான். அடுத்தவனை முந்தினால்தான் பிழைக்க முடியும் என்று நம்பி வந்தவன்.

அடுத்த ஆண்டுப் போட்டியில் எதிரணி பெஞ்சைப் பார்த்தேன். அவரே உட்கார்ந்திருந்தார். அந்த கேப்டனிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அவங்கள தூக்கினா நாங்களும் ஆட மாட்டோம்னு சொல்லிட்டோம் மச்சான். பிரின்சிபாலு பேஜாராயிட்டாரு" என்று சிரித்தான்.

அன்று எங்களை அடித்து நொறுக்கினார்கள். தோற்றுவிட்டு அவ்வளவு சந்தோஷமாக நான் வீடு திரும்பியதே இல்லை.