கார்த்திகை நட்சத்திரத்து கோல்கீப்பர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது உடைத்த தேங்காய் மூடிதான் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. சட்னி, துவையல், பொரியலில் தூவல், அதிலும் தீராதபோது தேங்காய் சாதம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், என் சாப்பாட்டை விசாரித்துவிட்டு, "வீட்ல அவ்வளவு தேங்காயா? என்ன விசேஷம்?" என்றார். "கால்பந்து சார்" என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் மாத்திரை எழுதினார்.

தேங்காய் எதிர்வீட்டு அக்கா கொடுப்பது. காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் எங்கள் தெருவில், பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருபவர். கணவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதிலேயே அவர் பொழுது போய்விடும். ஒரே மகன். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். அந்த உயரத்தை நம்பி, நாட்டின் பெரிய தொழில்முறைக் கால்பந்து லீக்கில் ஓர் அணி அவனை ஒரு சீசனுக்கு ஒப்பந்தம் செய்தது. காஞ்சிபுரத்தில் சீசன் என்றால் முகூர்த்த சீசன்தான். எங்கள் தெருவுக்கு மட்டும் அந்த ஐப்பசியில் இன்னொரு சீசன் பிறந்தது. அவன் கோல்கீப்பர். சரியாகச் சொன்னால், இரண்டாவது கோல்கீப்பர்.

இரண்டாவது கோல்கீப்பர் என்பது என்ன உத்தியோகம் என்று எனக்கும் தெரியாது. நான் கால்பந்தைப் பற்றிப் படித்திருக்கிறேனே தவிர, உதைத்ததில்லை. விசாரித்ததில் புரிந்தது இதுதான்: மற்ற ஆட்டக்காரர்களைக் களைப்பாக இருக்கிறார்கள் என்றுகூட மாற்றுவார்கள், கோல்கீப்பரை அடிபட்டாலொழிய அநேகமாக மாற்ற மாட்டார்கள். முதலாமவர் மணிப்பூர்க்காரர், தேர்ந்தவர். எனவே அக்காவின் மகன் ஜெர்சிக்கு மேல் பச்சை நிறத்தில் கையில்லாச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "உக்கார்றதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று தெருமுனை டீக்கடையில் ஒருவர் கேட்டார். அரசு அலுவலகத்தில் நான் பல வருடமாக அதைத்தான் செய்துவருகிறேன் என்பதால் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவன் போனில் அம்மாவிடம் சொன்னது வேறு: ஒரு மேட்சாவது ஆடினால்தான் அடுத்த வருஷம் எந்த அணியும் கூப்பிடும்.

விளையாட்டுச் சேனல்கள் எங்கள் வீட்டில்தான் வரும். மேட்ச் அன்று மாலை அக்கா தைக்கவேண்டிய புடவையோடு வந்துவிடுவார். சோபாவில் உட்கார மாட்டார். தரையில் உட்கார்வார், எழுந்து கதவருகே நிற்பார், மறுபடி உட்கார்ந்து நாலு தையல் போடுவார், கோணிப்போச்சு என்று பிரிப்பார். உலகமே பந்தைப் பார்க்கும். நாங்கள் பார்ப்பது பெஞ்சை. கேமராவோ பெஞ்சுப் பக்கம் திரும்புவதே இல்லை, பயிற்சியாளர் கோபப்பட்டுக் கத்தினால் தவிர. அவர் கையை உயர்த்திக் கத்தும்போது, அக்குள் இடுக்கு வழியாக அக்காவின் மகன் ஒரு கணம் தெரிவான். "கத்துயா, இன்னும் கத்து" என்பார் அக்கா. எங்கள் அணி மோசமாக ஆடினால்தான் பையனைப் பார்க்க முடியும் என்ற நிலைமையில், எதற்குக் கைதட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு பார்த்தால், நானும் அவரோடு சேர்ந்து வாசலுக்கும் டிவிக்கும் நடந்துகொண்டிருந்தேன். "ரெண்டு பேருல ஒருத்தராவது உக்காருங்க, தல சுத்துது" என்றாள் என் மனைவி.

மார்கழியில் ஒரு மேட்ச் அன்று டவுன் பஸ் வரவில்லை என்று அக்காவை முருகன் கோயிலுக்கு என் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். அக்கா சொன்னது மகன் பெயரை அல்ல, அந்த மணிப்பூர்க்காரரின் பெயரை. குருக்கள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டும் வேறு வேறாக வந்தன.

"நட்சத்திரம்?"

"தெரியல சாமி."

"அப்ப சுவாமி பேருக்கே பண்ணிடட்டுமா?"

"சாமிக்கு இன்னா குறை? அவன் பேருக்கே பண்ணுங்க. நட்சத்திரம் கார்த்திகைன்னு வெச்சுக்கங்க. கை, கால், முட்டி எல்லாம் நல்லாருக்கணும்னு சொல்லுங்க."

"கார்த்திகை யாரோடது?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"என் பையனோடது. வேற எதைக் குடுக்கறது?" என்றவர், ஸ்கூட்டரில் ஏறாமல் நின்றார். "மொத மேட்ச்ல அந்த மணிப்பூர்ப் பையன் வழுக்கி விழுந்தான் இல்லபா? எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ சந்தோசம். ஊசி வெரல்ல ஏறினதுகூடத் தெரியல. அப்புறந்தான் பயமாப்பூடுச்சு. அவங்க ஊர்லயும் ஒருத்தி டிவி பாத்துக்கினுதான இருப்பா? அந்த நெனப்பு தானா வருதுபா, நிறுத்த முடியல. அதான் மேட்சுக்கு மேட்சு இங்க வந்து கழிச்சுட்டுப் போறேன்."

பெயர் ஒருவருடையது, நட்சத்திரம் இன்னொருவருடையது. முருகன் குழம்பியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் குழம்பவில்லை. மணிப்பூர்க்காரருக்கு அந்த சீசன் முழுக்க ஒரு சுளுக்குகூட வரவில்லை. "நீங்க பண்ற அர்ச்சனையில அவருக்கு மூக்குகூட ஒழுக மாட்டேங்குது" என்று என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். அக்கா சிரித்தார். ஆனால் அன்று போட்ட தையலையும் பிரித்தார்.

கடைசி மேட்ச் பங்குனியில். ஆட்டம் முடியச் சற்றே பாக்கி இருக்கையில், எகிறிப் பந்தைப் பிடித்த மணிப்பூர்க்காரர் மேல் எதிரணிக்காரர் ஒருவர் மோதினார். விழுந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டார். அணியின் டாக்டர் ஓடினார். கேமரா பெஞ்சுக்குத் திரும்பியது. அக்காவின் மகன் எழுந்து நின்றான். பச்சைச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றினான், கையுறையை மாட்டினான், குதித்தான். சீசன் முழுக்க அவனை அவ்வளவு நேரம் நாங்கள் பார்த்ததில்லை. "அக்கா, வந்துட்டான்! வந்துட்டான்!" என்று நான் கத்தினேன். ஒருவர் வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போது கத்துகிறோமே என்ற எண்ணமெல்லாம் எனக்கு வரவே இல்லை.

அக்கா மகனைப் பார்க்கவில்லை. படம் மறுபடி மைதானத்துக்கு மாறியபோது டிவிக்கு மிக அருகில் போயிருந்தார். "எந்திருப்பா... எந்திரு... ஒண்ணும் இல்ல, எந்திரு" என்றார். அந்தக் குரல் மணிப்பூர் வரை கேட்டிருக்கும். மணிப்பூர்க்காரர் எழுந்தார். நொண்டினார், காலை உதறினார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. பையன் பச்சைச் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டதைக் கேமரா காட்டவில்லை, நாங்களாகத் தெரிந்துகொண்டோம். அக்கா தரையில் உட்கார்ந்து ஊசியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அடுத்த வருஷம் எந்த அணியும் அவனைக் கூப்பிடவில்லை. இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு வேலை. அலுவலக அணிக்கு அவன்தான் முதல் கோல்கீப்பர். அந்த மேட்சுகளை எந்தச் சேனலும் காட்டுவதில்லை. எங்கள் ஃபிரிட்ஜிலும் தேங்காய் குறைந்து, என் ரத்தம் ஓரளவு சீரானது.

போன வாரம் அக்கா மறுபடி ஒரு மூடியோடு வந்தார். மணிப்பூர்க்காரருக்கு வயதாகிவிட்டது, வேறோர் அணியில் இருக்கிறார், பெஞ்சில். அக்கா எங்கோ செல்போனில் பார்த்திருக்கிறார், பயிற்சியாளரின் கை இடுக்கு வழியாக.

"உக்கார வெச்சுட்டாங்கபா அவனை. ஒரு மேட்சாவது ஆட விடக் கூடாதா?" என்றார். அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்த டீம்ல இப்ப ஆடறானே, அந்தக் கீப்பர் பேரு இன்னா?"

தேடிச் சொன்னேன். குருக்களிடம் சரியாகச் சொல்லவேண்டும் என்பதுபோல, அந்தப் பெயரை முணுமுணுத்துக்கொண்டே தெருவைக் கடந்தார். என் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து, மூடிக்குப் பக்கத்தில் இன்னொரு மூடிக்கு இடம் ஒதுக்கினாள்.