கவிநேசனுக்கு ஏன் மூச்சு முட்டியது

பாயா ரும்புட் என்ற ஊரில், ஒரு தாமான் குடியிருப்பின் மூலை வீட்டில் ஜெயமணி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வயது நாற்பத்தெட்டு. பத்து பெரண்டாம் என்ற பக்கத்து ஊரில் ஓர் எலெக்ட்ரானிக் கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை செய்தவள். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வீட்டோடு இருந்துவிட்டாள். பழைய கம்பெனிப் பெண்கள் சிலர், "அக்கா, எம்புள்ளய கொஞ்சம் பாத்துக்குறீங்களா?" என்று கேட்டு வந்தார்கள். அப்படி ஒன்று இரண்டாகி, நான்கு பிள்ளைகள் சேர்ந்துவிட்டன.

நால்வரில் கடைசி, உஷாராணியின் மகன் கவிநேசன். ஐந்து மாதத்தில் வந்தான். எடைக்கு ஒரு பூனைக்குட்டிபோல் இருந்தான்.

ஏழாவது மாதத்தில் ஒரு காலை அவன் பால் புட்டியை வாயில் வைத்துவிட்டு உடனே தள்ளினான். ஜெயமணி சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. உஷாவுக்குப் போன் அடித்தாள். அவள் ஷிப்ட்டை விட்டு ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வார்டில் மூன்று நாள், மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஏதோ சளிக் கிருமி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அதேபோல் இன்னொரு முறை. இந்தத் தடவை ஐந்து நாள்.

வீடு திரும்பிய மறுவாரம், பிள்ளையை விட வந்த உஷா வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. டாக்டர் கேட்டாங்க. ஒங்க வீட்ல யாராச்சும் சிகரெட் குடிக்கிறாங்களா?"

"அவரு குடிப்பாரு. ஆனா வெளியில நின்னுதான்."

"கொசுவத்தி?"

"மத்தியானம் புள்ளைங்க தூங்குறப்ப ஒண்ணு."

"சாம்பிராணி?"

ஜெயமணி அவளையே பார்த்தாள். தினமும் குளிப்பாட்டியதும் கவிநேசன் தலைக்குப் புகை காட்டுவது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னதே உஷாதான். 'தலையில தண்ணி நின்னுரும், புகை காட்டுங்கக்கா' என்று முதல் நாள் டப்பாவையும் அவளே கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

அன்றே எல்லாவற்றையும் நிறுத்தினாள். கொசுவத்திக்குப் பதில் வலை வாங்கினாள். கணவர் கணேசமூர்த்தியிடம், சிகரெட் குடித்தால் சட்டை மாற்றாமல் பிள்ளைகளைத் தொடக்கூடாது என்றாள். அவர் முனகினார்.

"நாமெல்லாம் எஸ்டேட்ல வெறகுப் புகையிலதானே வளந்தோம். என்ன ஆயிருச்சு லா?"

ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அவளுக்கும் சொல்ல வந்தது. சொல்லப்போகும்போது தம்பி நினைவு வந்தது. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில், ஆயாக் கொட்டகையில் இருபது பிள்ளைகளோடு அவனை விட்டுவிட்டு அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போவாள். பத்து மாதத்தில் அவன் இறந்துபோனான். நெஞ்சுச் சளி என்றார்கள். ஏன் வந்தது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

"என் தம்பிக்கு ஆச்சே," என்றாள். கணேசமூர்த்தி போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பிறகு தீபாவளி வந்தது. உஷா லீவு எடுத்து மகனை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் போன் வந்தது. "அக்கா, மறுபடியும் வார்டுல போட்டுட்டாங்க."

ஜெயமணிக்கு முதலில் மனம் லேசானது. என் வீட்டில் வரவில்லை! அடுத்த நொடியே தன்மேல் அருவருப்பு வந்தது. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான், நான் நிம்மதிப்படுகிறேனே என்று கண் கலங்கியது. பிறகு இரண்டும் போய்க் குழப்பம் மட்டும் மிஞ்சியது. புகை இல்லை, என் வீடும் இல்லை, பின் எதனால்?

ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் தமிழ்ப் பெண், இளவயது. பழைய சீட்டுகளைப் புரட்டியபடி உஷாவிடம் பேசிக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வாரத்தில் பிறந்தவன். பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை. ஆறு வாரத்தில் தாய்ப்பால் நின்றுவிட்டது. அவனுடைய அக்கா தாடிக்காவுக்கு, அதாவது பாலர் பள்ளிக்குப் போகிறாள், அங்கிருந்து சளி கொண்டுவருகிறாள்.

"நான் அந்தப் புள்ளய பாத்துக்குறவ, டாக்டர்," என்றாள் ஜெயமணி. "இதுல எதுதான் காரணம்?"

"இதுதான்னு ஒண்ண மட்டும் சொல்ல முடியாதும்மா. ஒவ்வொண்ணும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். இதெல்லாம் இருந்தும் வார்டுக்கே வராத புள்ளைங்க இருக்காங்க. ஒண்ணுமே இல்லாம வர்றவங்களும் இருக்காங்க."

"அப்ப நான் சாம்பிராணிய நிறுத்துனது வீணா?"

"இல்லம்மா, அது நல்லது. மறுபடி போடாதீங்க."

"அதனாலதான் வந்துச்சா?"

"அதையும் சொல்ல முடியாது."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். உஷா வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் பால் நிறுத்துனதாக்கா? ஷிப்ட்டுக்குப் போகாம என்ன செய்ய முடியும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசமா ஒங்களத்தான்க்கா மனசுல திட்டிக்கிட்டு இருந்தேன். வேற ஆள்கூட தேடிப் பாத்தேன்."

ஜெயமணிக்குச் சுருக்கென்றது. ஆனால் வரும் வழியெல்லாம் தானும் உஷாவின் வீட்டில் ஏதாவது குற்றம் கிடைக்காதா என்றுதானே யோசித்துக்கொண்டு வந்தாள்? அதையும் சொல்லிவிட்டாள். இருவருக்கும் அழுகையோடு சிரிப்பும் வந்தது.

கிளம்பும்போது டாக்டர் சில விஷயங்கள் சொன்னார். கை கழுவுவது, ஊசிகளைத் தவறாமல் போடுவது, சளி பிடித்த பிள்ளைகளிடமிருந்து இவனைத் தள்ளி வைப்பது. கடைசியதுதான் கஷ்டம். மூக்கு ஒழுகினால் அன்றைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று ஜெயமணி எல்லாத் தாய்மாரிடமும் சொன்னாள். ஒருத்தி கோபப்பட்டு, "சளி இல்லாத புள்ள எங்கக்கா இருக்கு? எனக்கு யாரு லீவு தருவா?" என்று தன் மகளை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான் என்று ஜெயமணிக்குப் பட்டது. இருந்தும் தான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

கவிநேசனுக்கு இரண்டு வயது முடிந்து சில வாரங்களில் மறுபடி சளி பிடித்தது. ஜெயமணி போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு, அரை மணிக்கொரு தரம் அவன் நெஞ்சைப் பார்த்தாள். குழி விழவில்லை. அவன் ஒரு பிஸ்கட்டை முழுதாகத் தின்று இன்னொன்று கேட்டான். நாலாம் நாள் சளி தானாகவே வடிந்துவிட்டது.

அன்று மாலை பிள்ளையைக் கூட்டிப்போக வந்த உஷா கேட்டாள்: "இந்தத் தடவ சும்மா போயிருச்சேக்கா. எதனாலன்னு நெனைக்கிறீங்க?"

வயது ஏறியதா, புகை நின்றதா, வீட்டில் ஒரு பிள்ளை குறைந்ததா? இல்லை, வந்தது வேறு கிருமியா? ஜெயமணி யோசித்துப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள். "செருப்ப மாட்டி விடு, மழ வர்ற மாதிரி இருக்கு."