டேக் இல்லாமல் வந்த சுகந்தி

வழிகாட்டித் தொழிலில் முதல் சிரமம், வழி கேட்காதவர்களுக்கு வழி சொல்ல வேண்டியிருப்பது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை உட்கார வைத்து, ‘அடுத்தது என்ன?’ என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அம்மாவாகவோ, வாத்தியாராகவோ, ஊரிலிருந்து வந்த சித்தப்பாவாகவோ நீங்களும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். அந்தப் பிள்ளை மின்விசிறியைப் பார்த்திருக்கும். நீங்கள் வீட்டில் ஒரு தடவை பட்டதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு வாராவாரம் படுகிறேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒரகடத்தைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்குப் போய், படிப்பும் வேலையும் பற்றிப் பேசுவது என் பிழைப்பு. ஒரு தொண்டு அமைப்பு என்னை அனுப்புகிறது. இங்கே சொல்வது ஒரே பள்ளியில் ஒரே வருஷத்தில் நடந்தவை.

ஏசி பஸ்

அந்தப் பள்ளி இருக்கிற பிள்ளைப்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல கம்பெனிகளின் பெயர் வாயில் நுழையாது. பஸ் மட்டும் அத்துப்படி. இவர்கள் பள்ளிக்கு நடக்கிற நேரம்தான் காலை ஷிஃப்ட் பஸ்கள் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. எந்த பஸ்ஸில் சீட் சாய்கிறது, எதில் ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறது, எந்த டிரைவர் ஒரு நிமிஷம் காத்திருப்பார் என்பதெல்லாம் மனப்பாடம். அதனால் முதல் நாள் வகுப்பில் யார் என்ன ஆக விரும்புகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, ‘வெள்ள பஸ்’, ‘நீலக்கோடு பஸ்’ என்றே பதில் வந்தது. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் சந்தியா என்று ஒரு பெண். அவள் மட்டும், “தெரியல மிஸ்” என்றாள். என் அனுபவத்தில், அப்படிச் சொல்கிற பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவளிடம் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கடைசி பெஞ்சு தினேஷ் எழுந்து நின்றான்.

“வேலை இன்னாவா வேணா இருக்கட்டும் மிஸ், பஸ்ல ஏசி கீதான்னு மட்டும் சொல்லிடுங்க!”

லைன் நின்றபோது

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளை ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போனோம். காருக்கு உதிரி பாகம் செய்கிற இடம். தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டாமல் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போவதே ஒரு வித்தை. அன்றைக்கு யாரும் தாண்டவில்லை. ரோபோ கை இரும்பைத் தூக்கித் திருப்பி வைப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று பொம்மை பாடுகிற மாதிரி ஒரு மெட்டு ஒலித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பாகங்கள் வரிசையாக நகர்ந்து வருகிற லைன் நின்றுவிட்டது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், நம் பிள்ளைகளைவிடக் கொஞ்சமே பெரியவர்கள், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்படி அப்படியே நின்றார்கள். சூப்பர்வைசரும் நின்றார். சற்றுப் பொறுத்து, தோளில் கருவிப் பையோடு ஒரு பெண் வந்தாள். பெட்டி ஒன்றைத் திறந்தாள், எதையோ தொட்டாள், மூடினாள். லைன் ஓடியது. அவள் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க ரோபோ பேச்சு. சந்தியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே கேட்டாள்:

“அவ்ளோ பேரும் அந்த ஒரு அக்கா வரட்டும்னு நின்னாங்க இல்ல மிஸ்? அந்த அக்கா மாதிரி ஆவணும்னா இன்னா படிக்கணும்?”

கேட்டுக்கு வெளியே

பாலிடெக்னிக் படிக்கணும் என்று சொன்னேன். பன்னிரண்டு முடித்தவர்களை நேராக இரண்டாம் வருஷத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டால் ஆயிற்றா? வீட்டில் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

சந்தியாவுக்கு அப்பா இல்லை. அம்மா செல்வி ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாள். செல்வியின் தம்பி தேவராஜ் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர். ரிசல்ட் வந்த மறுநாளே சந்தியாவை ட்ரெய்னியாகச் சேர்த்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டு வாசலுக்கு பஸ் வரும், மகள் கண்ணெதிரே போய்க் கண்ணெதிரே வருவாள். ஒரு தாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் அவர்கள் வீட்டுக்குப் போய், கையேட்டை விரித்து, டிப்ளமோ படித்தால் என்னென்ன வேலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். செல்வி எனக்கு காபி கொடுத்தாள், மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்:

“படிச்சவங்கள நான் தெனம் பாக்கறேன் மிஸ். ஃபைலத் தூக்கினு கம்பெனி கேட்டாண்ட நிக்குதுங்க. உள்ள வுடறதில்ல. எம் பொண்ணு உள்ள போவட்டும்.”

டேக்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நாம் எவ்வளவு பேசினாலும் ஏறாது என்பதால், வேலைக்குப் போகிற ஒருவரை யூனிஃபார்மோடு கூட்டிவந்து நிறுத்துவோம். எனக்கு அப்படி வாய்த்தவள் சுகந்தி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பன்னிரண்டு முடித்த கையோடு ட்ரெய்னியாக ஒரகடத்துக்கு வந்து, நாலைந்து பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். ஷேர் ஆட்டோவில்தான் பழக்கம். வருஷா வருஷம் ஜனவரியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு நான் கூப்பிட்டால் தட்டாமல் வருவாள்.

இந்த வருஷமும் வந்தாள். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், இறுக்கிப் பின்னிய சடை. செல்வி அரை நாள் லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுகந்தி நன்றாகப் பேசினாள். முதல் வாரம் கால் வலிக்கும், அப்புறம் பழகிவிடும், ரூமில் தங்கப் பயப்பட ஒன்றுமில்லை, லைனில் கூட நிற்கிறவர்கள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். ட்ரெய்னிங் மூன்று வருஷம்தான், சிலருக்குத்தான் பர்மனென்ட் ஆகும், பலருக்கு ஆகாது என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வேன். அன்றும் சொன்னேன். பக்கத்தில் யூனிஃபார்மோடு ஒருத்தி நிற்கும்போது அது யார் காதிலும் விழாது. செல்வி மகளைப் பார்த்து, ‘கேட்டியா?’ என்பது போலத் தலையை ஆட்டினாள்.

சந்தியா கை தூக்கினாள். “அக்கா, உங்க டேக் எங்க?”

கழுத்தில் நாடாவோடு தொங்குகிற ஐடி கார்டைத்தான் டேக் என்கிறார்கள். இந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் அதைக் கழற்றுவதில்லை. ரேஷன் கடைக்கும் டேக், கோயிலுக்கும் டேக். அறை வாடகைக்குக் கேட்டால் வீட்டுக்காரர் முதலில் டேக்கைத்தான் காட்டச் சொல்வார். நாடாவின் நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் கம்பெனியைச் சொல்லிவிடுவார்கள். சந்தியா அந்த நிறத்தைத்தான் தேடியிருக்கிறாள். எனக்கு அது இல்லாதது கண்ணில் படவே இல்லை.

சுகந்தியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. ரூமில் மறந்து வைத்துவிட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம், யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சந்தியாவைப் பார்த்துச் சொன்னாள்:

“எனக்கு மூணு வருசம் முடிஞ்சிட்டு, தங்கச்சி. டேக்கயும் பஸ் பாசயும் கடைசி நாள் வாங்கி வச்சிக்கிட்டாவ. யூனிபார்ம் மட்டும் யாரும் திருப்பிக் கேக்கல.”

கைதட்டல்

கூட்டம் முடிந்ததும் சுகந்தி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன். கோபம் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சுகந்தி? எதற்கு இந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வந்தாய்?” என்றேன். துப்பட்டா இல்லாததால் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஊருக்கே இன்னும் சொல்லல மிஸ். நீங்க கூப்பிட்டிய, வந்தேன். நான் பேசி நாலு பேரு கை தட்டுத எடம் இது ஒண்ணுதான இருக்கு?”

தேவராஜ்

மறுவாரம் பள்ளி வாசலில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். செல்வியின் தம்பி தேவராஜ். நான் சண்டைக்குத் தயாரானேன். அவரோ எதிர்க்கடையில் எனக்கு டீ சொன்னார். அக்கா நான்கு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ‘மூணு வருசம்னு ஏன்டா சொல்லல?’ என்று கேட்டுக் கேட்டு அழுகிறாளாம்.

“நான் பொய் சொல்லல மேடம். யாரும் கேக்கல, நானும் சொல்லல” என்றார். அதில் பொய் இல்லைதான். அதனால்தான் எனக்கு எரிச்சல் கூடியது. சொந்த அக்கா மகளாயிற்றே, அவளுக்காவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“ஆளு மாறிக்கினே இருந்தாத்தான் மேடம் எனக்குப் பொழப்பு. இதுல அக்கா பொண்ணு, அடுத்த வூட்டுப் பொண்ணுன்னு பாத்தா லைன் ஓடுமா?”

மூன்றாவது பெஞ்சு

பொதுத்தேர்வுக்கு முன் என் கடைசி வகுப்பு. பாலிடெக்னிக் சேர்க்கை பற்றிப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. சுகந்தி. சுடிதாரில் வந்திருந்தாள். பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து மேசைப் பக்கம் நாற்காலியைக் காட்டினேன். அவள் நாற்காலியைத் தாண்டிப் போனாள். மூன்றாவது பெஞ்சில் சந்தியா ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டாள்.

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷமாக இந்தப் பெண்ணை மற்றவர்களுக்குக் காட்டத்தான் கூட்டிவந்திருக்கிறேன். அடுத்தது என்ன என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். பெஞ்சிலிருந்து எழுந்து, பள்ளிப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“மூணு வருசம் லைன்ல நின்ன ஆளயும் அங்க சேப்பாவளா, மிஸ்?”

டவுன் பஸ்

சேர்ப்பார்கள் என்றேன். ஆனால் சுகந்தி இன்னும் சேரவில்லை. படப்பையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். அடுத்த வருஷம் கட்டாயம் என்கிறாள். போன் செய்கிறேன், பாதி நம்புகிறேன், பாதி பயப்படுகிறேன். சந்தியாவுக்கு இடம் கிடைத்தது. செல்வி கடைசி வரைக்கும் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்மிஷன் அன்று மகளுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள், அவ்வளவுதான்.

காலேஜ் முதல் நாள் சந்தியா என்னையும் பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லியிருந்தாள். போனேன். முதலில் கம்பெனி பஸ் வந்தது. தேவராஜ் சேர்த்துவிட்ட தினேஷ், புது டேக் பளபளக்க, படியில் ஏறி நின்று, “மிஸ், ஏசி கீது!” என்று கத்திவிட்டுப் போனான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். கையசைத்தேன். மூன்று வருஷம் கழித்து அவனை எந்த பெஞ்சில் உட்கார வைப்பது என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது.

டவுன் பஸ் தாமதமாக, நிரம்பி வழிந்துகொண்டு வந்தது. சந்தியா பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து மறைந்தாள். பஸ் திரும்பும் வரை செல்வி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரலில் கலக்கம் இல்லை.

“சேத்து வுட்டுட்டீங்க மிஸ். நாளைக்கு அவளும் ஃபைலத் தூக்கினு கேட்டாண்ட நின்னா, நீங்க கூட வந்து நிப்பீங்களா?”

நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பக்கம் எல்லா வேலையும் மூன்று வருஷத்தில் முடிந்துவிடும்போது, கூட நிற்கிற இந்த ஒரு வேலைக்கு மட்டும் முடிவுத் தேதியே கிடையாது என்பதை, ‘அடுத்தது என்ன?’ என்று கேட்டு என்னோடு சேர்ந்து அல்லல்படுகிறவர்களே, நீங்களாவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.